பாதிக்குப் பாதி தண்ணீர்

மாஸ்டருக்கு மூக்கு செத்துப்போனது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் மாஸ்டர். இன்னொருத்தி அவருடைய மனைவி. ஆனால் அவளுக்குத் தெரியும் என்பது மாஸ்டருக்குத் தெரியாது. ஒரே ஒரு படுக்கையறையும், இரண்டு பேர் திரும்பினால் முழங்கை இடிக்கிற சமையலறையும் உள்ள வீட்டில், ஒரே ரகசியத்தை ஆளுக்கொரு மூலையில் ஒளித்துவைத்துக்கொண்டு மாதக்கணக்காகக் குடித்தனம் நடத்தினார்கள். கெட்டிக்காரத்தனத்துக்கு இரண்டு பேரிடமும் குறைச்சலே இல்லை.

அவர் ஊரில் பேர் வாங்கிய சைனீஸ் ரெஸ்டாரன்டின் பெரிய மாஸ்டர். அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். எதையும் சொட்டுக் கணக்கில் அளந்து பழகிய கை என்பதால் வீட்டில் அவளுக்கு லேப்காரம்மா என்று பெயர். அவர் கேலிக்கு வைத்த பெயர்தான். நாளாவட்டத்தில் அவளே அதற்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

இன்று கடைக்கு விடுமுறை. இன்று மத்தியானம் முதலாளி இந்த வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். விருந்துக்கு இல்லை, தீர்ப்பு சொல்ல.

கடையில் எது ஓடினாலும் ஓடாவிட்டாலும் இனிப்புப் புளிப்புப் பன்றிக்கறி ஓடும். மொறுமொறுவென்று இரண்டு தடவை வறுத்த கறி, அன்னாசி, குடைமிளகாய், மேலே பளபளவென்று சிவப்பாக ஒரு சாஸ். அந்த ஒரு தட்டுக்காகவே வாசலில் நின்று காத்திருக்கிற ஆட்கள் உண்டு. அந்தத் தட்டுதான் இப்போது பாதி சாப்பிட்டபடி திரும்பி வருகிறது. ஒரே உப்பு என்றார்கள், புளிப்பு தொண்டையைப் பிடிக்கிறது என்றார்கள். காலையில் சாஸ் கலக்கிவைப்பது பெரிய மாஸ்டர். அதைச் சட்டியில் ஊற்றிக் கறியைப் புரட்டி அனுப்புவது சின்ன மாஸ்டர். நான் கலந்ததில் அவன் கைவைக்கிறான் என்றார் இவர். நான் ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லை என்றான் அவன். முதலாளி இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பெரிய மாஸ்டரிடம் ஒரு முடிவு சொன்னார்.

"விடுமுறையன்னிக்கு உங்க வீட்டுல செய்யுங்க, நான் வந்து சாப்பிடறேன். அங்க உங்க கை மட்டும்தான். சாஸ் சரியா இருந்தா அவனை அனுப்பிடறேன். சரியா இல்லைன்னா உங்ககிட்ட இருக்கற கிச்சன் சாவியைக் கொடுத்துட்டு நீங்களே நின்னுக்குங்க."

இதை வீட்டுக்கு வந்து சொன்னபோது மாஸ்டர் முகத்தில் கவலை ஒரு துளியும் இல்லை. ஆள் கிட்டத்தட்ட உற்சாகமாகத்தான் இருந்தார். கவலை அவளுக்குத்தான். ஏனென்றால் அந்த உற்சாகத்தைத் தயாரித்தவளே அவள்தான்.

நடந்தது இதுதான். மழைக்காலத்தில் மாஸ்டருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அடித்துப்போட்ட மாதிரி கிடந்தார். லிஃப்ட் ஓடாத கட்டடம் இது. அன்றைக்கு அவரை முதுகில் தூக்கிக்கொண்டு மாடிப்படி முழுக்க இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் சின்ன மாஸ்டர். காய்ச்சல் போய்விட்டது. போகிறபோது வாசனையையும் ருசியையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. மாஸ்டர் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அவளுக்குத் தெரிந்தது ஒரு சாயங்காலம். வேலை முடிந்து படியேறும்போதே கேஸ் நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஓடிவந்து கதவைத் திறந்தால், மாஸ்டர் அடுப்புக்கு ஒரு முழ தூரத்தில் நின்று வாய்க்குள் எதையோ பாடிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். ஒரு பர்னர் பற்றவைக்காமலே திறந்து கிடக்கிறது. கீழ்வீட்டில் பால் தீய்ந்தால் மாடியிலிருந்து குரல் கொடுக்கிற மனுஷன் இவர். அவர் பார்க்காதபோது அடுப்பை மூடினாள், புழுக்கம் என்று சொல்லி ஜன்னல்களைத் திறந்தாள். அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. மூக்கும் நாக்கும்தான் அவருடைய படிப்பு, சொத்து, மரியாதை எல்லாம். அது போய்விட்டது என்று பெண்டாட்டியிடம்கூட ஒப்புக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை. கேட்டால் நொறுங்கிவிடுவார் என்று அவளுக்கும் வாய் வரவில்லை.

வாரம் தவறாமல் விடுமுறையன்று வீட்டில் அவர்தான் அதே பன்றிக்கறியைச் சமைப்பார். கறியில் பிசறுகிற உப்பு அவள் பொறுப்பு, மற்றதெல்லாம் அவர். சமைத்ததை அவள் முன்னால் வைத்துவிட்டு, பரீட்சை எழுதியவர் மாதிரி அவள் முகத்தையே பார்ப்பார். காய்ச்சலுக்குப் பிறகு முதல் தடவை வைத்தபோது ஒரு வாய் எடுத்தவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அப்படி ஒரு உப்பு, அப்படி ஒரு புளிப்பு. நாக்கு பதில் சொல்லாததால் கை தன்னையறியாமல் தாராளமாகிவிட்டிருந்தது. அவள் முழுங்கினாள். "நல்லா இருக்கு" என்றாள்.

அடுத்த வாரத்துக்குள் சோயா சாஸ் பாட்டிலில் பாதியை வேறொன்றில் ஊற்றிவைத்துவிட்டு, மீதிக்குச் சரிபாதி தண்ணீர் கலந்துவிட்டாள். வினிகருக்கும் அதே வைத்தியம். லேபில் தினமும் செய்கிற வேலைதானே, ஒரு பங்குக்கு ஒரு பங்கு. அந்த வாரக் கறி பழைய கறி மாதிரியே இருந்தது. நல்லா இருக்கு என்று அவள் மனதாரச் சொன்னாள். மாஸ்டர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

அவர் அதிலிருந்து என்ன எடுத்துக்கொண்டார் என்பதை அவள் யோசிக்கவே இல்லை. நாக்கு போனால் போகட்டும், என் கை மறக்கவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். கடையில் தட்டுகள் திரும்பியபோது அவர் பொய் சொல்லவில்லை. வீட்டில் சரியாக வருகிற கை கடையில் எப்படித் தப்பாகும், அந்தப் பயல்தான் ஏதோ செய்கிறான் என்று நெஞ்சாரத்தான் நம்பினார். முதலாளி வருகிற செய்தியைச் சொன்ன அன்றும் அவளிடம் கேட்டார்.

"போன வாரம் சாப்பிட்டியே, எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"அப்ப யாரு கைவைக்கறான்? நீயே சொல்லு."

அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இந்த வீட்டு அடுப்பில், இந்த வீட்டு பாட்டில்களோடு அவர் ஜெயித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். சின்ன மாஸ்டரின் நினைப்பு வந்தது. அவன் மனைவிக்குக் குழந்தை பிறந்து சில வாரம்தான் ஆகிறது. அந்த நினைப்பைத் தள்ளிவிட்டாள். திரும்பி வந்தது. மறுபடி தள்ளினாள்.

முதலாளி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பருத்த ஆள், அதிகம் பேசாத ஆள். இடுப்பில் கடைச் சாவிக்கொத்து தொங்கியது. முன்னறையில் உட்காரச் சொன்னால் கேட்காமல் நேரே சமையலறைக்கு வந்து, ஸ்டூலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையிலிருந்த துணிப்பையைத் திறந்து சமையல் மேடையில் இரண்டு பாட்டில்களை வைத்தார். இரண்டிலும் கடைத் தாள் ஒட்டியிருந்தது.

"சோயாவும் வினிகரும் கடையிலேர்ந்து கொண்டாந்திருக்கேன். கடை ருசி கடைச் சாமான்லதான் தெரியும். உங்க வீட்டு பாட்டில் வேணாம்."

மாஸ்டர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வீட்டு பாட்டில்களை எடுத்து அலமாரியில் உள்ளே தள்ளி வைத்தவரே அவர்தான். மாதக்கணக்காகத் தண்ணீர் கலந்த பாட்டிலால் இந்த வீட்டில் தப்பித்துவந்த கை அது. இப்போது நிஜ பாட்டிலை எடுக்கப்போகிறது.

அடுப்பு பற்றியது. இந்த அடுப்புக்கு மூச்சே கிடையாது, கடை அடுப்பில் பாதித் தீகூட வராது என்று மாஸ்டர் முதலாளியிடம் குறைபட்டுக்கொண்டார். அதனால்தான் கறியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், மொத்தமாகக் கொட்டினால் எண்ணெய் ஆறி, கறி வறுபடாமல் வெந்துவிடும் என்றார். பேசிக்கொண்டே முட்டையில் ஊறிய துண்டுகளை கார்ன்ஃப்ளவர் மாவில் ஒவ்வொன்றாகப் புரட்டி, அதிகப்படி மாவைத் தட்டி உதறி எண்ணெயில் விட்டார். காதைச் சட்டிப்பக்கம் சாய்த்துக்கொண்டார். சலசலவென்று கேட்ட சத்தம் மெலிந்ததும் அரித்தெடுத்தார். முதல் வறுவல் முடிந்தது. வெளுத்த துண்டுகள் தட்டில் காத்திருந்தன. இதெல்லாம் காதும் கண்ணும் செய்கிற வேலை. இதில் அவரை அசைக்க ஆள் கிடையாது.

பிறகு கிண்ணத்தை எடுத்தார். சர்க்கரை, தக்காளி சாஸ். கடை வினிகரின் மூடியைத் திருகினார்.

"ஏங்க" என்றாள் அவள். "அது ரொம்ப காட்டமா இருக்கற மாதிரி தெரியுது. பாத்துக் கொஞ்சமா ஊத்துங்க."

"லேப்காரம்மா கிளம்பிட்டாங்க" என்றார் மாஸ்டர் முதலாளியைப் பார்த்து. "தினமும் இதைத்தானம்மா ஊத்தறேன்."

முதலாளி சிரிக்கவில்லை. அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அதற்கு மேல் அவள் வாயைத் திறக்க முடியாமல் போயிற்று. மாஸ்டரின் கரண்டி நிறைந்தது, கவிழ்ந்தது, மறுபடி நிறைந்தது. சோயாவும் அப்படியே. கருஞ்சிவப்பாக ஒரு கலவை கிண்ணத்தில் சுழன்றது. அவர் ஸ்பூனை முக்கி நாக்கில் வைத்து, கண்ணை மூடி, நாக்கைச் சொடுக்கி, "சரியா நிக்குது" என்றார்.

அந்தச் சொடுக்கைப் பார்த்தபோது அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. கிண்ணத்தை நகர்த்துகிற சாக்கில் விரலைத் தொட்டு வாயில் வைத்தாள். உப்பு நாக்கை அறுத்தது. முதலாளி ஒரு வாய் வைத்தால் போதும், சாவியைக் கேட்டுவிடுவார்.

"நீங்க பாக்கறீங்களா முதலாளி?" என்று மாஸ்டர் ஸ்பூனை நீட்டினார்.

"வேணாம். தட்டுல வரட்டும். வர்றவன் அப்படித்தான சாப்பிடறான்."

அப்போது முதலாளியின் ஃபோன் அடித்தது. சமையலறையில் பேச்சு சரியாகக் கேட்காததால் எழுந்து முன்னறைக்குப் போனார். மாஸ்டர் தீயை முழுக்கத் திறந்துவிட்டு, இரண்டாவது வறுவலுக்குக் குனிந்தார். முதுகு இவள் பக்கம். காதும் கண்ணும் சட்டியில்.

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கிண்ணத்தில் பாதியைத் தொட்டியில் கொட்டினாள். ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் ஊற்றினாள். சர்க்கரை, ஒரு கரண்டி தக்காளி சாஸ். கலக்கி விரலில் தொட்டுப் பார்த்தாள். இன்னும் ஒரு சிட்டிகை சர்க்கரை. சரியாக இருந்தது. பழைய மாஸ்டரின் ருசி அப்படியே இருந்தது. குழாயை மூடி, கிண்ணத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

முதலாளி வந்து உட்கார்ந்தார். மாஸ்டர் பொன்னிறமான கறியை அரித்தெடுத்து, எண்ணெயை வடித்து, அதே சட்டியில் வெங்காயமும் குடைமிளகாயும் அன்னாசியும் போட்டு நாலு புரட்டுப் புரட்டினார். கிண்ணத்தை எடுத்தார்.

எடுத்த கை ஒரு நொடி நின்றது.

கிண்ணத்தின் நிறத்தைப் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். தொட்டி ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு இருந்தது. சர்க்கரை டப்பா திறந்து கிடந்தது. மூடியை மறந்திருந்தாள். அவர் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சாஸைச் சட்டியில் ஊற்றினார். அது நீர்த்துக் கொதித்த விதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கரைத்துவைத்த மாவுக் கரைசலை வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாக விட்டார். சாஸ் கெட்டிப்பட்டுப் பளபளத்ததும் கறியைக் கொட்டி, இரண்டே தூக்கில் புரட்டித் தட்டில் இறக்கினார். தெரிந்துவிட்டது, இவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவள் மனம் அரற்றியது.

முதலாளி சாப்பிட்டார். நிதானமாக, இரண்டு துண்டு, மூன்று துண்டு. ஒரு அன்னாசி. சாஸை மட்டும் ஸ்பூனில் வழித்து நாக்கில் வைத்தார். அவர் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

"இதுதான். இதுக்குத்தான் ஆள் வந்து நிக்கறான்." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "உங்களைச் சந்தேகப்பட்டதுக்கு மனசுல வச்சுக்காதீங்க மாஸ்டர். அவன்கிட்ட இப்பவே சொல்லிடறேன். நாளைக்கு வந்து கடை வாசல்ல நிக்க வேணாம்."

ஃபோனை எடுத்து நம்பரைத் தேடினார். மாடிப்படியில் மாஸ்டரை முதுகில் சுமந்தவனின் மூச்சிரைப்பு காதில் கேட்டது. சொல்லு, சொல்லித் தொலை என்று அவளே அவளை விரட்டினாள். வாய் திறக்கவில்லை. வெட்கக்கேடுதான். வெறுமனே நின்றாள்.

மாஸ்டர் அடுப்பை அணைத்தார்.

"முதலாளி, ஃபோனை வைங்க."

"ஏன்?"

"இந்த சாஸ் என் கை இல்ல. அவ கை." மாஸ்டர் இடுப்புத் துண்டை அவிழ்த்து மேடையில் வைத்தார். "நான் கலந்ததை அவ கொட்டிட்டா. நீங்க ஃபோன் பேசப் போனப்ப. எனக்கு காய்ச்சல் வந்ததிலிருந்து வாசனையும் தெரியல, ருசியும் தெரியல. கை சரியா போகுதுன்னு நெனச்சேன். போகல போலிருக்கு."

முதலாளி ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்தார். மாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"ஆனா வீட்டுல சரியாத்தான வந்துச்சு? வாரா வாரம் நீ சாப்பிட்டியே."

பாட்டில் விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. இன்றைக்கு அவரிடமிருந்து ஏற்கனவே போதுமான அளவு போய்விட்டது. ஆனால் அவர் கேட்டுக்கொண்டு நின்றார். அவள் அலமாரியைத் திறந்து, அவர் உள்ளே தள்ளிய பாட்டில்களை வெளியே எடுத்து வைத்தாள்.

"இதுல பாதி தண்ணி" என்றாள். "ரெண்டுலயும்."

மாஸ்டர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேலை போகும் என்றபோது ஆடாத மனுஷன் அப்படியே அடுப்படியில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி தட்டை நகர்த்தி வைத்தார். அவர் கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாளையிலேர்ந்து சாஸ் அவன் கலக்கட்டும்" என்றார். "நீங்க வறுக்கற அடுப்புல நில்லுங்க. அங்க காது போதும். ஆனா பெரிய மாஸ்டர்னு இனிமே அவனைத்தான் கூப்பிடுவாங்க. அது உங்களுக்குச் சரின்னா வாங்க. அவன்கிட்ட நீங்களே பேசிடுங்க, அவன் மேல பழி போட்டது நீங்கதான்."

சாவிக்கொத்து குலுங்க எழுந்து போனார். கடை பாட்டில்களை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார், அல்லது வேண்டுமென்றே விட்டுப்போனார்.

மாஸ்டர் தரையிலிருந்தபடியே சின்ன மாஸ்டருக்கு ஃபோன் செய்தார். மறுமுனையில் குழந்தை அழுகிற சத்தம் அவளுக்கே கேட்டது. தம்பி என்று ஆரம்பித்தார். எல்லாவற்றையும் சொன்னார். அவன் என்ன சொன்னானோ, சீக்கிரம் வைத்துவிட்டான்.

"உன் ஒரு வார்த்தையை நம்பி அவனை என்னென்ன பேசிட்டேன்" என்றார். குரலில் கோபம் இருந்தது. நியாயமான கோபம். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லா இல்லைன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும்" என்றாள் அவள். அழுதாள். சமாதானம் எதுவும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்தார். வீட்டு பாட்டில்கள் இரண்டையும் தொட்டியில் கவிழ்த்தார். கிண்ணத்தைக் கழுவினார். சர்க்கரை, தக்காளி சாஸ், கடை வினிகர், கடை சோயா என்று அதே கரண்டியால் மறுபடி கலந்து, சட்டியில் ஒரு கொதி விட்டு, ஸ்பூனில் எடுத்து ஊதி ஆற்றி அவள் முன்னால் நீட்டினார். முகத்தையே பார்த்தார்.

நல்லா இருக்கு என்பது பழக்கத்தில் நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அவள் அதை முழுங்கினாள்.

"உப்பு" என்றாள். "ரொம்ப உப்பு. புளிப்பும் ஜாஸ்தி."

மாஸ்டர் தலையசைத்தார். குழாயடியில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை தண்ணீரை அவரே ஊற்றினார்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள்.